பெட்டி ஒன்று, பாதை மூன்று

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளையின் நாமத்தைத் தூத்துக்குடித் துறைமுகம் இன்று தாங்கி நிற்கிறது. ஆயினும் திருப்பூர்ப் பின்னலாடைகள் அங்கே போய்ச் சேருவது பெரும்பாலும் லாரியின் மூலமே. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை அந்நிய நாடுகளில் வாங்கும் தேசம் டீஸலை இவ்வாறு எரிப்பது தகுமா?

சரக்கைப் பிரிக்காமல் பெட்டியோடு லாரியினின்றும் கப்பலுக்கு மாற்றும் முறையை 1956 ஏப்ரல் 26-ந் தேதி அமெரிக்காவில் மால்கம் மக்லீன் நடத்திக் காட்டினார். நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அன்று 58 பெட்டிகள் சென்றன. அவர் லாரி முதலாளி என்பதை நம் லாரி உடைமையாளர்கள் கவனிப்பார்களாக!

300 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்துக்கு, இரு முனையிலும் ஏற்றி இறக்கும் கூலி ரயிலின் ஆதாயத்தை விழுங்கிவிடும் என்று வியாபாரிகள் கூறுகின்றனர். மெய்தான். ஆனால் அக்கூலி விதியின் எழுத்தன்று. கோயமுத்தூர், திருப்பூர், கரூர்ச் சரக்குகளை ஒன்று சேர்த்து, குறித்த நேரத்தில் தினந்தோறும் ஒரு ரயில் புறப்படுமானால் அது தானே குறையும். மேற்குத் தனிச் சரக்குப் பாதையில், மின்கம்பியின் கீழ், பெட்டிமேல் பெட்டி அடுக்கிய ஒன்றரைக் கிலோமீட்டர் நீள ரயில் 2021 ஜனவரியிலேயே ஓடிற்று. தென்னாட்டுக்கு அத்தகைய பாதை என்றைக்கு என்பதைச் சர்க்கார் தேதியிட்டுச் சொல்லட்டும்.