சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

அம்பத்தூரையும் புழலையும் இணைக்கும் சாலையில் 2023 ஆகஸ்டு மாதம் பெட்ரோல் விற்பனை நிலையமொன்று திறக்கப்பட்டது. வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பும் பணியில் அமர்த்தப்பெற்றோர், புழல் மகளிர் தனிச்சிறையின் தண்டனைக் கைதிகள். பூட்டிய கதவுக்குப் பின்னே இருக்கவேண்டியவர்கள் கையில் பணப்பையா என்று முகம் சுளிப்போரும் உளர்.

இச்சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குப் பெயரே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்பதாகும். புகார் நகரச் சிறையில் பசியால் வாடியோர்க்கு அமுதசுரபியால் உணவளித்த மணிமேகலை, அச்சிறையையே அறச்சாலையாக்கித் தருமாறு வேண்டுகிறாள். சோழ மன்னனும் இசைகிறான். சிறையையே நீக்கிவிடும் அந்தத் தீர்வு காப்பியத்துக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. ஆயினும், சிறை எதற்காக என்ற வினாவைச் சாத்தனார் அன்றே எழுப்பிவிட்டார்.

சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே 1837 முதல் இயங்கிவந்த மத்திய சிறை, 2006இல் புழலுக்கு இடம்பெயர்ந்தது. தண்டனைக் கைதிகள் அங்கே தையலும் ரொட்டி தயாரிப்பும் பயில்கின்றனர். பொதுத்தேர்வு எழுதுவோரும் உண்டு. கடுங்காவல் கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி வழங்கவேண்டும் என 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கூலியில் ஒரு பகுதியை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கச் சட்டம் செய்யவும் அது கூறியது. குற்றவாளிக்குச் சலுகையா எனச் சினப்போர் இப்பகுதியை மறந்துவிடுகின்றனர். சும்மா அடைபட்டிருப்பவன் யாருக்கும் எதையும் ஈடுசெய்ய இயலாதே!

எனினும் ஒரு பெருங்குறை உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் அவர்களை வேலை செய்யுமாறு பணிக்க இயலாது. எனவே தொழிற்பயிற்சியும் கூலியும் பெரும்பாலும் அவர்களை எட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, குற்றமற்றவரென விடுதலையாவோரும் அவர்களுள் உளர். இவர்களைச் சென்றடையக்கூடியது நூலகமே. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் சிறைத்துறை அரங்கமைத்து, கைதிகளுக்காக நூல்களைக் கொடையாகப் பெற்றது. நம் வீட்டு அலமாரிகளில் தூங்கும் நூல்கள் எத்தனை!

மீதி, மதிலுக்கு வெளியே இருக்கிறது. சிறையில் தொழில் கற்றவன் விடுதலையாகி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வருகிறான் எனக் கொள்வோம். கை வேலையைச் செய்துகாட்டுமாறு கேட்கும் முன்பே, காவல்துறையின் நன்னடத்தைச் சான்று உண்டா என்று கேட்கின்றனர்.