சிங்கமும் அன்று, புலியும் அன்று

காட்டில் பிறவாத ஒரு விலங்கினத்தைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். தந்தை சிங்கமாகவும் தாய் புலியாகவும் இருந்தால் பிறக்கும் குட்டி 'லைகர்' எனப்படும். தந்தை புலி, தாய் சிங்கம் என்றால் அது 'டைகான்'. கிர் காட்டுச் சிங்கமும் வங்கப் புலியும் இன்று ஒரே காட்டில் வாழ்வதில்லை. மனிதன் ஒரே கூண்டில் வளர்த்ததால் வந்த உறவே இது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கொல்கத்தாவின் அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில், வங்கப் புலிக்கும் ஆப்பிரிக்கப் பெண் சிங்கத்திற்கும் 1971ஆம் ஆண்டில் ருத்ராணி என்னும் டைகான் பிறந்தது. அதனை ஆசியச் சிங்கத்துடன் சேர்த்தபோது ஏழு குட்டிகளை ஈன்றது. அவற்றுள் 1979இல் பிறந்த குபனாகான் 363 கிலோ எடைக்கு வளர்ந்தது. ஆண் சிங்கத்தின் எடை பெரும்பாலும் 200 கிலோவை ஒட்டியே இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும்.

லைகர் ஏன் பெற்றோரினும் பெரிதாக வளர்கிறது? அறிவியலார் கூறும் விளக்கம் சுவையானது. சிங்கக் கூட்டத்தில் ஒரு பெண் பல ஆண்களுடன் இணையக்கூடும். ஆகவே தந்தை வழி ஜீன்கள் தம் குட்டியை விரைந்து வளர விரட்டுகின்றன; தாய் வழி ஜீன்கள் கடிவாளம் இடுகின்றன. பெண் புலியிடம் அத்தகைய வலுவான கடிவாளம் இல்லை. எனவே லைகரின் உடலில் விரட்டுதல் மட்டுமே மிஞ்சுகிறது. டைகானில் நிலை தலைகீழ்; அது பெற்றோரை விஞ்சி வளர்வதில்லை.

குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. கோவேறு கழுதை மலடாவதற்கு இவ்வேறுபாட்டைக் காரணமாகக் கூறுவர். சிங்கம், புலி இரண்டுக்குமோ 38தான். அப்படியிருந்தும் இக்கலப்பில் பிறக்கும் ஆண்கள் மலடாகவே உள்ளன. பெண்கள் சில கருவுறுகின்றன. கலப்பினத்தில் இருவேறு பால் குரோமோசோம்களைக் கொண்ட பாலே முதலில் நலிவுறும் என்று ஹால்டேன் 1922இல் வகுத்த விதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இந்தியாவில் இத்தகைய கலப்பு 1985இல் தடை செய்யப்பட்டது. அதனை நான் முழுமனத்துடன் வரவேற்கின்றேன். 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குஜராத்தில் உள்ள சிங்கங்கள் 891. 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியப் புலிகள் ஏறத்தாழ 3,682. கூண்டில் பிறந்த கலப்பினக் குட்டி எதுவும் இவ்விரு எண்களில் ஒன்றையும் கூட்டாது. புலி வயிற்றில் லைகர் வளரும் காலத்தில் ஒரு புலிக்குட்டி வளர்ந்திருக்கலாம். பார்ப்போர் வியப்புக்காக ஓர் உயிரைப் படைப்பது அறிவியலின் பணி ஆகாது. இருக்கும் இனத்திற்குக் காட்டை விட்டுவைப்பதே அதன் பணி என்பது என் துணிபு.