எட்டாத தாழ்ப்பாள்

மேல் தாழ்ப்பாள் அந்த அம்மாவுக்கு எட்டவில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டாள். கீழ்த் தாழ்ப்பாளையும் இழுத்துவிட்டாள். மேலே இருப்பதுதான் கைக்கு அகப்படவில்லை; மாடியில் இருக்கும் கணவரைக் கூப்பிடுகிறாள். அவர் வரவில்லை. இருட்டில் மண்டியிட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருக்கிறார். வாசலில் யாரோ விடாமல் கதவைத் தட்டுகிறார்கள். அவள் ஒரு நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது.

இந்தக் காட்சி வருகிற, இங்கிலாந்து எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' சிறுகதை 1902-ல் வெளியானது. திகில் கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கதையைத்தான். படித்துவிட்டு வருகிறவர்களிடம், "இதில் மோதல் யாருக்கும் யாருக்கும்?" என்று கேட்பேன். மனிதனுக்கும் விதிக்கும் என்பார்கள். மனிதனுக்கும் மந்திரத்துக்கும் என்பார்கள். தவறில்லை. ஆனால் விதியோடு மோதுகிற கதைகள் எத்தனையோ இருக்க, இந்தக் கதை மட்டும் ஏன் நெஞ்சைப் பிடிக்கிறது?

கதை மழையும் காற்றுமான ஓர் இரவில் தொடங்குகிறது. அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். அப்பா வைட், தேவையே இல்லாமல் தன் ராஜாவை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவர். இதை முதல் பத்தியிலேயே ஜேக்கப்ஸ் சொல்லிவிடுகிறார். பிறகு இந்தியாவில் 21 வருடம் இருந்து திரும்பிய சார்ஜென்ட் மேஜர் மோரிஸ் வருகிறார். ஒரு பக்கிரி மந்திரித்த குரங்கின் பாதம் அவரிடம் இருக்கிறது. மூன்று பேருக்கு மூன்று மூன்று வரம். முதல் ஆள் கடைசியாகக் கேட்டது சாவு. இவ்வளவையும் சொல்லிவிட்டு மோரிஸ் அதை நெருப்பில் எறிகிறார். வைட் பாய்ந்து எடுக்கிறார். சதுரங்கப் பலகையில் பார்த்த அதே மனிதர்தான். நிகழ்ச்சிகளை வரிசையாக அடுக்கினால் அது கதைப்பின்னல் ஆகிவிடாது. அடுத்து நடப்பது இந்த ஆளுக்கு மட்டுமே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தேவையானதெல்லாம் இருக்கிறது, வீட்டுக் கடன் ஒன்றுதான் பாக்கி. 200 பவுண்டு கேளுங்கள் என்று எடுத்துக்கொடுப்பவன் மகன் ஹெர்பர்ட். விளையாட்டாகத்தான் சொல்கிறான். முதல் முறை படிக்கிறவர் அந்த வரியைச் சிரித்தபடி கடந்துவிடுவார். இரண்டாம் முறை அதைத் தாண்ட முடியாது.

மறுநாள் நல்ல உடையில் ஒருவர் வாசலில் தயங்கி நிற்கிறார். மூன்று தடவை கேட் வரை வந்து விலகிப் போகிறார். ஒருவேளை பணமாக இருக்குமோ என்று அம்மாவின் மனசு தாவுகிறது. அவர், மகன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வந்தவர். ஹெர்பர்ட் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். கம்பெனி தரும் தொகை 200 பவுண்டு.

இதுவரை நடந்ததில் மந்திரம் என்று அடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாமே தற்செயலாக இருக்கலாம். அந்தக் கதவை ஜேக்கப்ஸ் கடைசிவரை மூடவில்லை. நம்புவதா வேண்டாமா என்ற போராட்டம் கதைமாந்தரிடமிருந்து நமக்குள் இறங்கிவிடுகிறது. முதல் பக்கத்திலேயே பேயைக் கொண்டுவந்து நிறுத்துகிற கைப்பிரதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொறுமைதான் நினைவுக்கு வரும்.

துக்கத்தில் புரண்ட அம்மாவுக்கு ஒரு நள்ளிரவில் பாதத்தின் நினைவு வருகிறது. மகனை உயிரோடு கேள் என்கிறாள். அப்பா நடுங்குகிறார். அவன் இறந்து பத்து நாள் ஆகிறது. உடுப்பை வைத்துத்தான் தன் மகனையே அவரால் அடையாளம் காண முடிந்தது. அந்த உடலை அவள் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார். கடைசிக் காட்சி முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல் நிற்கிறது. வற்புறுத்தலுக்கு இணங்கி அவர் கேட்டுவிடுகிறார். மெழுகுவர்த்தி அணைகிறது. இன்னொன்றை எடுக்கப் படியிறங்கும்போது வாசலில் மெல்லத் தட்டும் சத்தம்.

உண்மையான மோதல் இங்கேதான் இருக்கிறது. ஒரே பிள்ளையின் மேல் உயிரை வைத்திருக்கும் இரண்டு பேர். ஒருத்தி கதவைத் திறக்கப் போராடுகிறாள். இன்னொருவர் அது திறப்பதற்குள் பாதத்தைத் தேடிப் பிடிக்கப் போராடுகிறார். இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. கல்லூரி நாட்களில் படித்தபோது நான் முழுக்க அம்மா பக்கம் இருந்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, அந்த மாடி அறையின் தரையில் அவரோடு சேர்ந்து நானும் துழாவினேன்.

தாழ்ப்பாள் கிறீச்சிடும் அதே நொடியில் பாதம் கைக்குக் கிடைக்கிறது. மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். என்ன கேட்டார் என்று ஜேக்கப்ஸ் சொல்வதில்லை. தட்டும் சத்தம் நின்றுவிடுகிறது. கதவு திறக்கிறது, குளிர்காற்று உள்ளே பாய்கிறது, அம்மா ஓலமிடுகிறாள். அவர் ஓடிவந்து பார்க்கிறார். எதிரே தெருவிளக்கு மினுங்குகிறது. சாலையில் யாருமில்லை.