கெட்ட முட்டையை அழித்துவிட்டால் போதுமா?

நாமக்கல்லில் இருந்து பெங்களூருக்குப் போகும் முட்டை லாரிகள் பல, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத்தான் எல்லையைக் கடக்கின்றன. ஓசூர் சிப்காட் தொழிலாளர்கள் பலருக்கு முட்டை பப்ஸும் எக் ரைஸும்தான் மலிவான மாலைச் சாப்பாடு. உடைந்த, நாள்பட்ட முட்டைகள் அடிமாட்டு விலைக்குப் பேக்கரிகளுக்குப் போகின்றன என்ற புகார் நமக்குப் புதிதல்ல. கேக் மாவில் கலந்துவிட்டால் எசன்ஸ் வாசனை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் (2006) இதில் தெளிவாகவே இருக்கிறது. அழுகிய பொருள் ஒரு பகுதியாகச் சேர்ந்திருந்தாலும் அது பாதுகாப்பற்ற உணவுதான். அதைச் சாப்பிட்டு உயிர் போனால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம்; அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது.

பிறகு ஏன் தொடர்கிறது? அதிகாரி சோதனைக்கு வருகிறார், முட்டைகளைக் குழி தோண்டிப் புதைக்கிறார், படத்துடன் செய்தி வருகிறது. கெட்டுப்போனதை அழிக்க 38-வது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் முறையாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பாவிட்டால் வழக்கு நிற்பது கடினம். 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நம் பார்வையில், மாதிரி எடுக்காமல் அழிப்பது வியாபாரிக்குச் சிறு நஷ்டம், அவ்வளவுதான்.

எல்லை இன்னொரு சிக்கல். சட்டம் ஒன்றுதான், ஆனால் ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் போனால் அது கர்நாடக அதிகாரிகளின் பொறுப்பு. சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பில் இல்லாமல் நிரூபிக்க முடியாது. 2022 ஜனவரி 1 முதல் உணவு வியாபாரிகளின் பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் கட்டாயம்.

பேக்கரி, பிரியாணிக் கடை நடத்தும் நம் சகோதரர்கள் அந்தப் பில்லைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. குறையுள்ள சரக்கை மறைத்து விற்பது ஏமாற்று.

வாங்குபவருக்கும் உரிமை உண்டு. 40-வது பிரிவின்படி, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, வாங்கிய உணவை நாமே ஆய்வுக்கு அனுப்பலாம். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குக் கடைப் பெயர், இடம், படத்துடன் புகார் அனுப்பலாம்.