கல்லில் பொறித்த ஊதியக் கணக்கு



பொதுப்பொருளிலிருந்து இசைவாணர்க்கு ஊதியம் அளித்து, அச்செலவைக் கணக்கில் எழுதி வைத்தல் பல நாடுகளிலும் இருந்த வழக்கமாகும். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நார்விச், யார்க் முதலிய நகரங்கள் 'வெயிட்ஸ்' எனப்பட்ட நகர இசைக்குழுவினர்க்குச் சம்பளமும் சீருடையும் வழங்கின. நகரப் பொருளாளரின் கணக்கேடுகள் அதற்குச் சான்று. அவற்றிற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முற்பட்ட கணக்கொன்று நம் சோழநாட்டில் உண்டு. அது ஏட்டில் எழுதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில், கல்லில் வெட்டியது.

முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ கி.பி. 1014. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை மன்னன் அமர்த்தினான். ஒருவருக்கு நாள்தோறும் நெல் முக்குருணி. பன்னிரு குருணி ஒரு கலம். எனவே ஐம்பதின்மர்க்கும் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம். அளக்க வேண்டிய மரக்கால் 'ஆடவல்லான்' என்பதையும் குறித்துள்ளனர். அளவு உறுதியில்லாத ஊதியம் உறுதியான ஊதியம் ஆகுமோ?

மற்றொரு கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளின் கணக்கைக் கூறுகிறது. ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உரியன. பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆக, இவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம்! நட்டுவர்க்கு இரு பங்கு. தமிழ் பாடுவோர், ஆரியம் பாடுவோர், வீணை வாசிப்போர் ஆகியோரோடு, கணக்கு எழுதுவோர்க்கும் அப்பட்டியலில் இடம் உண்டு.

அப்பெண்டிர் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து வந்தவர்கள். என் ஊராகிய கீழவாஞ்சூரிலிருந்து தெற்கே சென்றால் நாகூர். அதனை அடுத்து நாகப்பட்டினம். அந்நாகப்பட்டினத்துப் பெண்டிரும் அவர்களுள் இருந்தனர். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, அதில் வாழ்பவள் பெயர் யாது, எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பனவெல்லாம் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

பங்கு பெற்றவர் இறந்தால் அல்லது வேற்றூர் சென்றால் என் செய்வது? அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரை அவரே அமர்த்தலாம். உறவினரே இல்லையெனில், உடன் பணிபுரிவோர் தக்கவரைத் தேர்வர். குடும்பத்தின் பிழைப்பைக் காத்த இவ்விதி, அதே குடும்பத்தைத் தொழிலோடு பிணைக்கவும் செய்தது. இரண்டையும் சேர்த்தே நாம் நோக்குதல் வேண்டும்.

நாகப்பட்டினத்தை விட்டுத் தஞ்சை சென்றவள் விரும்பிச் சென்றாளா, வருந்திச் சென்றாளா? கணக்கு அதைச் சொல்லாது. ஆயினும் அவள் பெயரையும், வீட்டையும், அவளுக்கு உரிய நெல்லையும் ஆயிரம் ஆண்டுகள் காத்து நிற்கிறது. பெரிய கோயிலுக்குச் செல்லும்பொழுது விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சுவரில் உள்ள எழுத்துக்களையும் நின்று நோக்குங்கள். அக்கோயிலில் உழைத்தவர்களின் பெயர்கள் அங்கேதான் உள்ளன.