கழுவித் தீராத கை

மேக்பெத் நாடகம் பாடமாக உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: குற்ற உணர்வு மேக்பெத்தை எப்படி மாற்றுகிறது? பேராசைக்காரன் மனச்சாட்சி உறுத்தி அழிந்தான் என்று கைடு புத்தகம் சொல்லும். அது பாதி விடைதான் என்பது என் எண்ணம்.

நமக்குத் தெரிந்த கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எங்கள் மீனாட்சிபுரத்தைப் போலவே, இடுக்கியில் மங்கலதேவி மலையும் கேரள-தமிழக எல்லைதான். அங்குள்ள கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று இரு மாநிலத்தாரும் ஏறிப் போகிறார்கள். சிலப்பதிகாரத்தில், கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததைக் கண்ட கணமே பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். அது அறியாமல் செய்த பிழை. அறிந்ததும் வாழ்வு முடிந்துவிட்டது. மேக்பெத் அறிந்தே செய்தவன். செய்துவிட்டு உயிரோடும் இருந்தான். செய்ததற்கும் செத்ததற்கும் இடையில் அவன் என்ன ஆனான் என்பதுதான் நாடகம்.

சரித்திரத்தில் இருந்த மேக்பெத், 1040-இல் டங்கன் மன்னனைப் போரில் வீழ்த்தி 17 ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டவன். 1606 வாக்கில் நாடகம் எழுதிய ஷேக்ஸ்பியர், போர்க்களத்தை விட்டுவிட்டு, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசனை அவன் தூக்கத்தில் கொன்றதாக அமைத்தார். விருந்தாளியைக் கொல்வது எத்தகைய பாவம் என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கொலைக்கு முன்பே அவன் கண்ணுக்குக் காற்றில் குத்துவாள் தெரிகிறது. முடித்ததும், இனித் தூக்கமே இல்லை என்று ஒரு குரல் கேட்கிறது. நடுங்குகிற அவனைத் திட்டிவிட்டு, குத்துவாட்களைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பவள் மனைவி. இரத்தக் கறைக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும் என்பது அவள் கணக்கு.

இவ்வளவு உறுத்தல் உள்ளவன் திருந்தியிருக்க வேண்டாமா? அங்குதான் கைடு புத்தகம் தவறுகிறது. உறுத்தல் பயமாக மாறுகிறது. பயத்தைப் போக்கிக்கொள்ள நண்பன் பாங்க்வோவைக் கொல்விக்கிறான். இம்முறை மனைவியிடம்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை. பிறகு மக்டஃபின் மனைவி மக்கள். ஒவ்வொரு கொலைக்கும் உறுத்தல் குறைகிறது. முடிவில் மனைவி இறந்த செய்தி வந்தபோது அழக்கூட அவனுக்கு மனம் மிச்சமில்லை.

2021-இல் வந்த மலையாளப் படம் 'ஜோஜி' இந்த நாடகத்தின் தாக்கத்தில் பிறந்தது. அதில் வரும் இளைஞன் கடைசியில் பழியைச் சமூகத்தின் மேல் போடுகிறான். எனக்கு மேக்பெத்தைவிட அவனைக் கண்டுதான் அதிக பயம்.

மனைவி கதை நேர் எதிர். தண்டவாளத்தின் உள்ளே ஓடும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, மேலே பளபளவென்று இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வைத்துத்தான் ரயில்வேயில் கண்டுபிடிப்போம். அவளிடமும் விரிசல் முதல் இரவே இருந்தது. தூங்கும் டங்கனின் முகம் தன் தந்தையைப் போல இருந்ததால் தன்னால் குத்த முடியவில்லை என்கிறாள். படிக்கிறவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஐந்தாம் அங்கத்தில் அவள் தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். இல்லாத கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். வைத்தியரோ, தன் மருந்துக்கு இது அடங்காது என்று கைவிரித்துவிடுகிறார். கொலைக்கு முன் இருளை வா வா என்று அழைத்தவள் அவள். இப்போது தன் பக்கத்தில் எந்நேரமும் விளக்கு எரிய வேண்டும் என்று பணிப்பெண்ணுக்கு உத்தரவு போட்டிருக்கிறாள்.