பச்சைத்தண்ணீர்க் குளியல்: எவ்வளவு குளிர்ச்சி? எவ்வளவு நன்மை?

தினமும் காலையில் குளிர்ந்த நீரில் குளித்தால் நோய் எதிர்ப்பாற்றல் பெருகும், மன அழுத்தம் தீரும், மூளை சுறுசுறுப்பாகும் என்று சொல்லும் காணொலிகள் நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகின்றன. பனிக்கட்டி மிதக்கும் தொட்டிக்குள் ஒருவர் கழுத்தளவு அமர்ந்திருப்பார். பின்னணியில் உற்சாகமான இசை ஒலிக்கும். அதே காணொலியை நம் மாணவர்களும் பார்க்கிறார்கள். பொதுத்தேர்வு நெருங்கும்போது, “சார், பச்சைத்தண்ணில குளிச்சா படிச்சது மறக்காதாமே?” என்று கேட்கிறார்கள்.

இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. எந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காவிரிப் படுகையில் குளிர்ந்த நீரில் குளிப்பது புதுப் பழக்கம் அல்ல. ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறையில் துலா முழுக்கு. மாதத்தின் கடைசி நாளில் கடைமுழுக்கு. அதையும் தவறவிட்டவர்களுக்காகக் கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கு. ஆடிப்பெருக்கு அன்று திருவையாறு புஷ்ய மண்டபத் துறையில் கால் வைக்க இடம் இருக்காது. விழாக்களை விடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பல ஊர்களில் படித்துறைதான் குளியலறை. வெந்நீர் என்பது பிள்ளை பெற்றவருக்கும், காய்ச்சல்காரருக்கும், தீபாவளிக்கும் மட்டுமே என்று இருந்த வீடுகள் நிறைய. ஆக, “பச்சைத்தண்ணீரில் குளியுங்கள்” என்ற அறிவுரை நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. அவர்கள் ஏற்கெனவே அதில்தான் குளிக்கிறார்கள். விடுதி மாணவர்களுக்கு வேறு வழியும் கிடையாது.

வெப்பநிலைமானியை இறக்கிப் பார்ப்போம்

வெப்பம், வெப்பநிலை பாடம் நடத்தும் நாளில் ஆய்வக வெப்பநிலைமானி ஒன்றை எடுத்துக்கொண்டு மாணவர்களோடு பள்ளியைச் சுற்றி வரலாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பநிலைமானி இதற்கு உதவாது. அதன் அளவுகோல் 35 டிகிரி செல்சியஸில்தான் தொடங்கும். கைப்பம்பு நீர், மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் நீர், மண்பானை நீர், பக்கத்தில் வாய்க்கால் இருந்தால் வாளியில் மொண்டு வந்த நீர் ஆகியவற்றை அளந்து எழுதச் சொல்லுங்கள். மாடித்தொட்டி நீரைக் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் அளப்பது நல்லது. மதிய அளவைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தொட்டியிலிருந்து வருவதைப் பச்சைத்தண்ணீர் என்று சொல்வதே பொருந்தாது.

நிலத்தடி நீர் வேறு வகை. தரைக்குச் சில மீட்டர் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். நம் பகுதியில் அது ஏறத்தாழ 28 டிகிரி. கிணற்று நீர் கோடையில் குளிர்ச்சியாகவும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. தண்ணீர் மாறுவதில்லை, சுற்றியுள்ள காற்றும் நம் தோலும்தான் மாறுகின்றன. இதைக் காட்ட மூன்று பாத்திரங்கள் போதும். ஒன்றில் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர், நடுவில் சாதாரண நீர். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்ந்த நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒன்றாக நடுப்பாத்திரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே தண்ணீரை ஒரு கை குளிர்ச்சி என்றும் மறு கை சூடு என்றும் சொல்லும்.

28 டிகிரி நீரும் நமக்குக் குளிர்ச்சியாகத்தான் படுகிறது. நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் முதல் சொம்பு தலையில் விழும்போது உடல் சிலிர்க்கிறது. தோலில் குளிரை உணர்வதற்கென்றே தனி ஏற்பிகள் உண்டு. புதினாவில் உள்ள மெந்தாலும் அதே ஏற்பியைத் தூண்டுகிறது. நெற்றியில் தைலம் தடவினால் குளிர்வது அதனால்தான். இவ்வகை ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவருக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. குளித்து முடித்து ஈரத்தோடு நிற்கும்போது வரும் கூடுதல் குளிர்ச்சி ஆவியாதலால் வருவது. மண்பானை நீர் குளிர்வதும் அதே விதியால்தான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

காணொலிகளில் பெரும்பாலும் பேசப்படும் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. 2016-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியானது. 18 முதல் 65 வயது வரையிலான 3018 பேர் அதில் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் குளித்தார்கள். மற்றவர்கள் வெந்நீர்க் குளியலின் முடிவில் 30, 60 அல்லது 90 நொடி குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டுக்கொண்டார்கள். 30 நாள் இப்படிச் செய்தவர்கள் நோய் விடுப்பு எடுத்தது 29 விழுக்காடு குறைந்தது. பரவும் செய்தி இத்தோடு நின்றுவிடும். அடுத்த வரி முக்கியமானது: நோய்வாய்ப்பட்ட நாள்களின் எண்ணிக்கையில் குறைவு இல்லை. உடம்பு சரியில்லாமல் போனது அதே அளவுதான்; வேலைக்குப் போகாமல் இருந்ததுதான் குறைந்தது. 30 நொடிக்கும் 90 நொடிக்கும் வேறுபாடு தெரியவில்லை. தாங்கள் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குளிர்ந்த நீரை மறைத்துக் கொடுக்க முடியாதே!

2025-இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்; மொத்தம் 3177 பேர். குளித்துச் சுமார் 12 மணி நேரத்துக்குப் பின் மன அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்தது; தூக்கமும் வாழ்க்கைத் தரமும் ஓரளவு மேம்பட்டதாகத் தெரிந்தது. நோய் எதிர்ப்பில் உடனடி மாற்றம் தென்படவில்லை. அந்த 3177 பேரில் 3018 பேர் மேலே சொன்ன ஒரே ஆய்வைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கவனியுங்கள். புள்ளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மகிழ்ச்சி தரும் டோபமின் 250 விழுக்காடு கூடும் என்ற செய்தியும் உண்மையான ஓர் ஆய்வில் இருந்து வந்ததுதான். ஆனால் அதில் சில இளைஞர்கள் 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் மூழ்கி இருந்தார்கள். நம் ஊர் வாய்க்கால் மார்கழி விடியலிலும் 14 டிகிரிக்கு இறங்காது. அங்கே கிடைத்த எண்ணை இங்கே நம் கைப்பம்புக்குப் பொருத்துவது சரியாகாது.

ஞாபக சக்தி பற்றிய கேள்விக்கு என் பதில்: குளித்தவுடன் தூக்கம் கலையும், உடல் விழிப்படையும், அதற்கு மேல் படித்ததை அது காப்பாற்றித் தராது. தேர்வு நாளன்று குளிப்பதைவிட முதல் நாள் இரவு தூங்குவது பெரிய உதவி.

சளி பிடிக்கும் என்பது உண்மையா? சளிக்குக் காரணம் வைரஸ்கள். நாம் அதை ஜலதோஷம் என்கிறோம். தண்ணீரைக் குற்றவாளியாக்கிப் பெயரே வைத்துவிட்டோம். ஆனால் பாட்டி சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியவில்லை. பிரிட்டனின் கார்டிஃபில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 90 பேர் 20 நிமிடம் குளிர்நீரில் கால் வைத்திருந்தார்கள். 90 பேர் வெறும் பாத்திரத்தில் வைத்திருந்தார்கள். அடுத்த நான்கைந்து நாள்களில் முதல் பிரிவில் 13 பேருக்கும் இரண்டாம் பிரிவில் 5 பேருக்கும் சளி அறிகுறி தோன்றியது. ஏற்கெனவே உடலில் இருந்த வைரஸுக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த நீரும் 10 டிகிரி. மழை நாளில் ஈரத்தலையோடு வரும் பிள்ளையிடம் துவட்டிக்கொள்ளச் சொல்லலாம். குளிக்காதே என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் சித்த மருத்துவ மரபும் எல்லாவற்றுக்கும் குளிர்ந்த நீரைச் சொல்லவில்லை. தேரையரின் பிணியணுகா விதி, எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்கச் சொல்கிறது. தீபாவளிக்கு அண்டாவில் வெந்நீர் காய்வது அந்த வழக்கம்தான்.

வெந்நீருக்கு ஆகும் செலவையும் கணக்குப் பாடமாக்கலாம். 15 லிட்டர் வாளி நீரை 28-இலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 15 × 4.2 × 12 = 756 கிலோ ஜூல்; அதாவது சுமார் 0.21 யூனிட் மின்சாரம். விறகில் காய்ச்சும் வீட்டில் அந்தச் செலவு அம்மாவின் நேரத்திலும் அடுப்புப் புகையிலும் போகிறது. வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பற்றி மறக்காமல் எச்சரியுங்கள்: சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

யாருக்கு ஆகாது?

நாற்பதைத் தாண்டிய நாமும் இதைப் படிக்க வேண்டும். திடீரென்று மிகக் குளிர்ந்த நீர் படும்போது தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறுகின்றன. மூச்சு தன்னையறியாமல் இழுக்கப்படுகிறது. முதல் அரை நிமிடத்தில் இது உச்சத்தில் இருக்கும். நம் ஊர்க் குழாய் நீரில் இந்த அதிர்ச்சி மெல்லியதுதான். ஆனால் கொடைக்கானல், ஊட்டி சுற்றுலாவில் விடியற்காலைக் குளியலும், ஐஸ் கட்டி போட்ட தொட்டியும் அப்படியல்ல. இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த விளையாட்டில் இறங்கக் கூடாது. பழக விரும்பும் மற்றவர்கள் கால், கை, முதுகு, கடைசியில் தலை என்று ஊற்றிக்கொண்டால் போதும். மாதவிடாய் நாள்களில் பச்சைத்தண்ணீரில் குளித்தால், தலைக்கு ஊற்றினால் கெடுதல் என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அந்த நாள்களில் பெண் பிள்ளைகளுக்கு உண்மையில் இல்லாதது மறைவான குளியலறை. விடிவதற்கு முன் படித்துறைக்குப் போய் வரும் மாணவி வகுப்பில் தூங்கி விழுந்தால் காரணம் கேளுங்கள்.

குளிர்ந்த நீர் உயிரைக் காப்பாற்றும் இடம் ஒன்று உண்டு: வெப்பத் தாக்கம். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. விளையாட்டுத் திடலில் மாணவர் மயங்கி, உடல் கொதித்து, பேச்சு குழறினால் நிழலுக்குத் தூக்கி வந்து, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஆற்றுக் குளியல்

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். நம் பகுதிக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. சில நாள்களில் கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரித்துவிடுகிறார்கள். பள்ளி திறந்து பாடம் சூடுபிடிக்கும் நேரமும் அதுவே. மே மாதம் முழுவதும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய மணல்வெளியில் திடீரென்று தண்ணீர் ஓடும். மணல் எடுத்த பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. போன வருடம் இடுப்பளவு இருந்த இடத்தில் இந்த வருடம் ஆளுயரம் இருக்கும். மதகுக்கும் ரெகுலேட்டருக்கும் அருகே நீர் இழுக்கும் வேகம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே தண்ணீர் வரும் வாரத்தில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். தனியாகக் குளிக்கப் போகக் கூடாது. பாலத்திலிருந்து குதிக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். ஒருவர் மூழ்கினால் கூட்டாளி குதிக்கக் கூடாது; ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர், மூவராகப் போகும் செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். சேலை, கயிறு, மூங்கில் கழியை நீட்டலாம். வாய் மூடிய காலி பிளாஸ்டிக் கேனையும் குடத்தையும் வீசலாம், அவை மிதக்கும். கரைக்கு வந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டச் சொல்லலாம்.

வலிப்பு நோய் உள்ள மாணவர்களின் பெயர்கள் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்கும். அவர்களின் பெற்றோரை மட்டும் தனியே அழைத்துப் பேசுங்கள். ஆறு, குளம் மட்டுமல்ல, வீட்டுக் கிணற்றடியிலும் அந்தப் பிள்ளை தனியாகக் குளிக்கக் கூடாது. குளியலறைக் கதவை உள்ளே தாழிடக் கூடாது. மாத்திரையை ஒரு வேளையும் விடக் கூடாது.